கையில் இருப்பது எந்தப் பதிவு? பின்னணி இசை வெளியீடுகளைச் சேகரிப்பதற்கும் விவாதிப்பதற்கும் ஒரு வழிகாட்டி

திரை இசை வெளியீடு என்றதும் தமிழில் நமக்குப் பாடல்கள்தாம் முதலில் நினைவுக்கு வருகின்றன. இங்கே நான் எழுதுவது பாடல்களைப் பற்றியல்ல. காட்சிக்கு அடியில் ஓடும் பின்னணி இசையை மட்டும் தனியாகத் தொகுத்து வெளியிடும் எல்பி (வினைல் இசைத்தட்டு), சிடி, டிஜிட்டல் பதிப்புகளைப் பற்றியது. இத்துறையில் புதிதாக நுழைகிறவர் பெரும்பாலும் "இந்தப் படத்தின் இசை கிடைக்குமா?" என்று கேட்கிறார். சற்றுப் பழகியவர் கேட்கும் கேள்வி வேறு: "இது எந்தப் பதிவு, யார் வாசித்தது, எந்த நாடாவிலிருந்து எடுத்தது, எவ்வளவு வெட்டப்பட்டது?" சேகரிப்பும் விவாதமும் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த "ஜாஸ்" இதற்குத் தெளிவான உதாரணம். 1975இல் வெளிவந்த எல்பியில் இருப்பது படத்தில் நாம் கேட்கும் பதிவு அன்று. இசைத்தட்டில் கேட்பதற்கு ஏற்றவாறு சில பகுதிகளை விரித்தும் மாற்றியும் வில்லியம்ஸ் அந்த இசையைத் தனியாக மீண்டும் பதிவு செய்தார். படத்துக்காகவே வாசிக்கப்பட்ட பதிவு 2000இல்தான் சிடியாக வந்தது. 2015இல் இன்ட்ராடா நிறுவனம் படப்பதிவையும் 1975ஆம் ஆண்டின் ஆல்பத்தையும் இரண்டு தட்டுகளில் சேர்த்து வெளியிட்டது. ஆக, "என்னிடம் ஜாஸ் இசை இருக்கிறது" என்று இரண்டு ரசிகர்கள் சொன்னால், இருவரும் வெவ்வேறு நாள்களில் வாசிக்கப்பட்ட வெவ்வேறு இசையைக் குறிப்பிடக்கூடும். 1982இல் வந்த "ஈ.டி." ஆல்பமும் இப்படித் தனியாகப் பதிவு செய்யப்பட்டதே.

எனவே எந்த வெளியீட்டைக் கையில் எடுத்தாலும், அது மூன்றில் எந்த வகை என்று முதலில் பிரித்தறிய வேண்டும். படத்துக்காக வாசிக்கப்பட்ட மூலப்பதிவு ஒன்று. இசையமைப்பாளரே ஆல்பத்துக்காக மீண்டும் வாசிக்கச் செய்த பதிவு இன்னொன்று. பல ஆண்டுகள் கழித்து வேறொரு இசைக்குழு வாசித்த மறுபதிவு மூன்றாவது. பின்னட்டையில் இசைக்குழுவின் பெயரும், இசையை நடத்தியவரின் பெயரும், பதிவு செய்த ஆண்டும் பொடி எழுத்தில் இருக்கும்; அந்த மூன்றையும் படித்துவிட்டாலே பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் அந்தப் பொடி எழுத்துகளைப் படிக்காமல், அட்டையில் இருந்த படத்தின் சுவரொட்டியை மட்டும் நம்பி ஒரு தட்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது முதல் சில நொடிகளிலேயே தாளகதி வேறாக இருப்பது தெரிந்தது. அதன் பிறகு பின்னட்டையைப் படிக்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

மறுபதிவு என்றாலே தரம் குறைந்தது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இசைநடத்துநர் சார்ல்ஸ் கெர்ஹார்ட் 1970களில் லண்டனின் நேஷனல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு ஆர்சிஏ நிறுவனத்துக்காகப் பதிவு செய்த வரிசை, 1930களிலும் 40களிலும் வந்த ஹாலிவுட் இசையை ஒரு புதிய தலைமுறைக்கே அறிமுகம் செய்தது. அந்தப் பழைய படங்கள் பலவற்றில் மூல ஒலிப்பதிவு தேய்ந்துபோய்விட்டது அல்லது காணாமல் போய்விட்டது. எம்ஜிஎம் ஸ்டுடியோவின் இசைக்குறிப்பு நூலகத்தில் இருந்த முழு இசைத்தாள்களோ 1970ஐ ஒட்டிய காலத்தில் குப்பை மேட்டுக்கே போயின. அப்படிப்பட்ட இடங்களில், எஞ்சிய குறிப்புகளை வைத்துக்கொண்டும் படத்தைக் காதால் கேட்டும் இசையை மீட்டெழுதி மறுபடி வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதி, படத்தில் பயன்படுத்தப்படாமல் போன இசைக்கு இரண்டு வடிவங்களும் கிடைத்தன. இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்திய மறுபதிவு 1993இல் வந்தது. நார்த் காலத்து மூலப்பதிவு 2007இல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, ஒரே இசைத்தாள் இரு கைகளில் எப்படி மாறுகிறது என்பது எந்த விளக்கமும் இல்லாமல் புரியும்.

பழைய ஆல்பங்கள் ஏன் இவ்வளவு குறுகியவை என்ற கேள்விக்கு இரண்டு காரணங்கள் உண்டு. எல்பியின் ஒரு பக்கத்தில் நல்ல தரத்தோடு இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் அடங்கும் என்பது ஒன்று. சிடி வந்து எழுபத்து நான்கு நிமிடம் கிடைத்த பிறகும் 1980கள், 90களின் அமெரிக்க வெளியீடுகள் பல முப்பது நிமிடத்தோடு நின்றதற்குக் காரணம் வேறு. படத்துக்காக வாசித்த இசையை ஆல்பமாக வெளியிட்டால் இசைக்கலைஞர்களுக்கு மீண்டும் ஊதியம் தரவேண்டும் என்பது அங்குள்ள கலைஞர் சங்கத்தின் விதி; நூறு பேர் கொண்ட இசைக்குழு என்றால் அந்தத் தொகை சிறிய நிறுவனங்களால் தாங்க முடியாததாக இருந்தது. ஆகவே ஒரு முப்பது நிமிட ஆல்பத்தைப் பார்த்து, அதைத் தொகுத்தவருக்கு ரசனை இல்லை என்று எழுதுவது பெரும்பாலும் அநியாயம்.

நிலைமை மாறியது சிறு நிறுவனங்களால்தான். வரேஸ் சரபாண்ட், இன்ட்ராடா, லா-லா லேண்ட், குவார்ட்டெட் போன்றவை ஸ்டுடியோக் கிடங்குகளிலிருந்து மூலநாடாக்களைத் தேடியெடுத்து, ஆயிரம், மூவாயிரம் என்று வரையறுத்த பிரதிகளாக விரிவான பதிப்புகளை வெளியிட்டன. பிலிம் ஸ்கோர் மன்த்லி என்ற இதழ் தன் பெயரில் மட்டும் 250 தலைப்புகளை வெளியிட்டது. "ஸ்டார் வார்ஸ்" இசை 1977இல் இரட்டை எல்பியாகவும், 1993இல் நான்கு சிடிகள் கொண்ட தொகுப்பின் பகுதியாகவும், 1997இல் இரண்டு சிடிகளாகவும் வளர்ந்து வந்ததைப் பின்தொடர்ந்தால் இத்துறையின் வரலாறே கண்முன் விரியும். 1997ஆம் ஆண்டுப் பதிப்பில், டைட்டில் இசையின் பல டேக்குகள் (ஒரே இசையைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்தவை) அட்டைப் பட்டியலில் சொல்லாமலேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்தன.

விரிவான பதிப்பு ஒன்றை எப்படிக் கேட்பது என்பதற்கு "ஏலியன்" படத்தை எடுத்துக்கொள்வோம். கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிய டைட்டில் இசை, தொலைவில் ஒலிக்கும் டிரம்பெட்டோடு ஏக்கம் நிறைந்த மெட்டாக விரிகிறது. இயக்குநர் அதை ஏற்காததால், மெட்டு என்று பற்றிக்கொள்ள எதுவுமில்லாத, மூச்சுச் சத்தம் போன்ற இன்னொன்றை அவர் எழுதினார்; படத்தில் நாம் கேட்பது அதைத்தான். 1979ஆம் ஆண்டின் எல்பியிலோ முதலில் எழுதிய இசையே இடம்பெற்றது. இது போதாதென்று, கோல்ட்ஸ்மித் 1962இல் "பிராய்ட்" படத்துக்கு எழுதிய சில பகுதிகளைப் படத்தொகுப்பில் இடையிடையே செருகினார்கள். இறுதிப் பெயர்ப்பட்டியலுக்கு ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனியைப் போட்டார்கள். 2007இல் இன்ட்ராடா வெளியிட்ட இரட்டைத் தட்டில் இசையமைப்பாளர் எண்ணிய வடிவமும், மாற்றி எழுதிய பகுதிகளும், பழைய ஆல்பமும் ஒருசேரக் கிடைக்கின்றன. இந்தத் தட்டை ஒரே மூச்சில் முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவதில் பயன் குறைவு. பழைய டைட்டில் இசையைக் கேட்டு நிறுத்தி, உடனே மாற்றி எழுதியதைக் கேளுங்கள். இயக்குநர் எதை அஞ்சினார், இசையமைப்பாளர் எதை இழந்தார் என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இப்படி ஒப்பிட உதவும் ஒரு சிறு கருவி, க்யூ எண். விரிவான பதிப்புகளின் கையேடுகளில் "7எம்1" என்பது போன்ற குறிகள் இருக்கும். முதல் எண் படச்சுருளையும், எம் என்ற எழுத்து இசையையும், கடைசி எண் அந்தச் சுருளில் அது எத்தனையாவது இசைத்துண்டு என்பதையும் குறிக்கும். ஆயிரம் அடி கொண்ட 35 மி.மீ. சுருள் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும் என்பதால், அந்தக் கணக்கில் 7எம்1 படத்தின் முதல் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரவேண்டும். பிற்காலப் படங்களில் இரட்டிப்பு நீளச் சுருளைக் கணக்கில் கொண்டார்கள் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் படத்தோடும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முழுமையாகவும் காட்சி வரிசையிலும் இருந்தால்தான் ஒரு வெளியீடு சிறந்தது என்று பல ரசிகர்கள் உறுதியாக நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இசையமைப்பாளர் தாமே தேர்ந்து வரிசைப்படுத்திய நாற்பது நிமிட ஆல்பமும் ஒரு படைப்புதான். எந்த மெட்டு எதன் பின்னால் வந்தால் கேட்பவர் மனத்தில் தங்கும் என்று எண்ணி அமைத்த ஒழுங்கு அதில் இருக்கிறது. பத்து நொடி, பதினைந்து நொடித் துணுக்குகளைக் காட்சி வரிசையில் அடுக்கிய தொகுப்பில் அது கிடைக்காது. ஆராய்வதற்கு முழுத்தொகுப்பு, கேட்பதற்கு ஆல்பம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விரிவான பதிப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பழையதைக் கைவிடும் முன், பழைய ஆல்பத்துக்கே உரிய டேக்குகளும் ஒலிக்கலவையும் புதியதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

வாங்கும்போது பதற்றம் வேண்டாம். "தீர்ந்துவிடும்" என்ற எச்சரிக்கையைக் கண்டு கேட்டறியாத இசையை வாங்குவதும், தீர்ந்துபோன தட்டுக்குப் பல மடங்கு விலை தருவதும் இத்துறையின் பழைய நோய்கள். வரையறுத்த பிரதிகளாக வந்த பல தலைப்புகள் சில ஆண்டுகளில் கூடுதல் இசையோடும் மேம்பட்ட ஒலியோடும் மறுபடி வந்திருக்கின்றன. முதலில் எந்த வடிவத்திலாவது இசையைக் கேளுங்கள். மூன்று முறை கேட்ட பிறகும் நினைவில் நிற்பதை வாங்குங்கள்.

பழைய சிடியைக் கைமாற்றில் வாங்குவதானால் அதை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் எண்களும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒரே தலைப்பின் வெவ்வேறு அச்சுகளைப் பிரித்தறிய இந்த வளைய எண்ணும் உதவுகிறது என்பதால், விற்பவரிடம் அதன் புகைப்படத்தைக் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் அது கணினியில் எழுதிய தட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடிப்பக்கம் வெள்ளியாக இருப்பது மட்டும் போதிய சான்றாகாது. உரிமையாளர் பெயர் இல்லாத பின்னட்டை, யாரும் கேள்விப்படாத நிறுவனப் பெயர், மங்கலாக நகலெடுத்த அட்டைப்படம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது கள்ளப்பதிப்பு என்றே கொள்ளலாம். ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பு நிறம் பரவியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் ஓர் ஆலையில் அச்சான தட்டுகள் பலவற்றில், மேற்பூச்சு உறைத்தாளின் கந்தகத்தைத் தாங்காததால் உலோகப்படலம் இப்படிக் கறுத்துப்போனது. அத்தகைய தட்டு இன்று ஓடினாலும் நாளை ஓடுமென்று சொல்ல முடியாது.

வாங்கிய சிடியை முதல் வாரத்திலேயே கணினியில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள் பிழை கண்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்; தரம் இழக்காத ஃப்ளாக் வடிவில் சேமிப்பது போதுமானது. கோப்பின் பெயரில் படத்தின் பெயரோடு நிறுவனமும் வெளியீட்டு ஆண்டும் இருக்கட்டும். இதைச் செய்யாமல் விட்டால், ஒரே பெயருள்ள மூன்று டைட்டில் இசைகளில் எது எந்தப் பதிப்பு என்று பின்னால் நீங்களே தடுமாறுவீர்கள்.

விவாதத்துக்கு வருவோம். ரசிகர்களுக்கிடையே கசப்பாக முடியும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி, இருவர் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதால் எழுகிறது. எழுதப்பட்ட இசை, வாசிப்பு, ஒலிப்பதிவு, மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செப்பனிடுவது), தொகுப்பு வரிசை என்று ஐந்தும் தனித்தனி. உங்கள் குறை எதைப் பற்றியது என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். "புதிய பதிப்பின் ஒலி மோசம்" என்ற வாக்கியத்துக்கு யாரும் பயனுள்ள பதில் சொல்ல முடியாது. "இரண்டாம் தட்டின் நான்காம் இசைத்துண்டில் 1:12இல் பித்தளைக் கருவிகள் உச்சத்துக்குப் போகும்போது ஒலி தட்டையாகிறது; பழைய சிடியில் அதே இடத்தில் விரிகிறது" என்று எழுதினால், தட்டு வைத்திருக்கும் எவரும் கேட்டுப் பார்த்து உடன்படலாம் அல்லது மறுக்கலாம். இரண்டையும் ஒப்பிடும் முன் ஒலியளவைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே காதுக்குப் படும்.

படத்தோடு ஒப்பிட்டு "ஆல்பம் மெதுவாக ஓடுகிறது, சுருதியும் இறங்கியிருக்கிறது" என்று எழுதும் முன் நீங்கள் பார்த்த டிவிடி எந்த வகை என்று பாருங்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய படத்தை பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 25 சட்டகமாக ஓட்டுவதால் இசை ஏறக்குறைய நான்கு விழுக்காடு விரைந்துவிடும். திருத்தாமல் விட்டால் சுருதியும் ஏறக்குறைய ஓர் அரைச்சுரத்தின் முக்கால் பங்கு அளவுக்கு ஏறிவிடும். குற்றம் ஆல்பத்தில் இருக்காது, டிவிடியில் இருக்கும்.

பாராட்டும்போது இசையமைப்பாளரோடு நிறுத்திவிடாமல், இசையைக் கருவிகளுக்குப் பிரித்தெழுதியவரையும், நடத்தியவரையும், நாடாவைத் தேடி மீட்டவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "ஏலியன்" இசையைக் கருவிகளுக்கு எழுதித் தந்தவர் ஆர்தர் மார்ட்டன், நடத்தியவர் லயனல் நியூமன். கோல்ட்ஸ்மித்தின் பாணி என்று நாம் சொல்வதில் அவர்களின் கைவண்ணமும் கலந்திருக்கிறது. அதேபோல், புதிதாக வந்த வெளியீட்டின் கோப்புகளைத் தரும்படி கேட்பதும் பகிர்வதும் விவாதத்தில் இடம்பெறக் கூடாது. ஆயிரம் பிரதி விற்றால்தான் அடுத்த நாடாவைத் திறக்க முடியும் என்ற நிலையில் இயங்குபவை இந்தச் சிறு நிறுவனங்கள்.

தட்டில் பிழை இருப்பதாகப் பட்டால், இடது, வலது ஒலி மாறியிருந்தாலும், ஒரு துண்டு பாதியில் அறுந்திருந்தாலும், முதலில் வேறொரு ரசிகரின் பிரதியில் அதே நிமிடம், அதே நொடியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருவரின் பிரதியிலும் இருந்தால் நேரத்தைக் குறித்து, வளைய எண்ணோடு வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். இப்படி எழுதியதால் திருத்திய தட்டு அச்சாகி, வாங்கிய அனைவருக்கும் மாற்றித் தரப்பட்டதும் உண்டு.