சிறுநீரில் போதைப்பொருள்: ‘நெகட்டிவ்’ என்றால் எதற்கு நெகட்டிவ்?

சிறுநீரில் போதைப்பொருள் பார்க்கும் கிட்டை ஐந்து பேனல், பத்து பேனல், பன்னிரண்டு பேனல் என்று விற்கிறார்கள். ஒரு பேனல் என்றால் ஒரு வகைப் பொருளுக்கான சோதனை. பேனல் கூடக் கூட எல்லாம் அகப்பட்டுவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. கஞ்சா, ஓப்பியம் வகை, கொக்கெய்ன், ஆம்பெடமின், தூக்க மாத்திரைகள், இவைதான் பெரும்பாலும் அதில் இருக்கும். பிரமை உண்டாக்கும் பொருள்களில் எல்எஸ்டியைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். சைலோசைபின் காளான், டிஎம்டி, மெஸ்கலின் இவற்றுக்கு வழக்கமான கிட்டில் இடமே இல்லை.

ஆக, கொடைக்கானல் போதைக் காளான் தின்ற பையனுக்கும் ஊமத்தங்காய் தின்ற குழந்தைக்கும் பன்னிரண்டு பேனலிலும் நெகட்டிவ் வரலாம். ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபொலமினும். அவற்றை இந்தக் கிட் தேடுவதே இல்லை. விரிந்த கண்மணி, வறண்ட வாய், வேர்க்காமல் கொதிக்கும் உடம்பு, அடைத்துக்கொண்ட சிறுநீர் என்று எல்லாம் கண்முன்னே இருக்கும்போது, கிட்டை நம்பி ‘நஞ்சு எதுவும் இல்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது ஆபத்து.

‘போதை ஸ்டாம்ப்’ என்று பிடிபடும், போதைப்பொருள் தடவிய சிறு அட்டையிலும் இதே சிக்கல்தான். அதில் எல்எஸ்டிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. 25ஐ-என்பிஓஎம்இ போன்ற வேறு செயற்கைப் போதைப்பொருள்களையும் அதே மாதிரி அட்டையில் தடவி, எல்எஸ்டி என்றே விற்கிறார்கள். வலிப்பு, அதிகக் காய்ச்சல், உயிரிழப்பு வரை கொண்டுபோகக்கூடியவை அவை. எல்எஸ்டி கிட்டில் உள்ள, பொருளைப் பிடித்து அடையாளம் காட்டும் புரதமான ஆன்டிபாடிக்கு அவற்றை அடையாளம் தெரியாது. கூட வந்தவர் ‘ஸ்டாம்ப் போட்டான்’ என்று சொல்லி, எல்எஸ்டி நெகட்டிவ் என்றால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்கிரீனிங் என்ற முதல்கட்டச் சோதனையில் பாசிட்டிவ் வந்ததுமே ஆளைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள். சளிக்கு நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதித் தரும் சிரப்புகள் பலவற்றில் அம்ப்ராக்சால் இருக்கிறது. எல்எஸ்டி பார்க்கும் சில இம்யூனோஅஸ்ஸே (ஆன்டிபாடியை வைத்துப் பார்க்கும்) முறைகளில் அது பொய்யான பாசிட்டிவ் காட்டியிருக்கிறது. ஃபென்டனில் என்ற வலிமருந்தும் அப்படித்தான். மூச்சுக்குழாயில் ட்யூப் போடும்போது அதைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பிடித்த சிறுநீரை அனுப்பினால், நாம் கொடுத்த மருந்தே எல்எஸ்டி மாதிரி வேஷம் போடலாம். பிசிபி (ஃபென்சிக்ளிடின் என்ற பிரமைப் பொருள்) பேனலை இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மனச்சோர்வுக்கான வென்லாஃபாக்ஸின், வலிக்கான ட்ரமடால் ஆகியவை ஏமாற்றுவது தெரிந்த கதை. மருந்துப் பட்டியல் இல்லாமல் சாம்பிளை வாங்கக்கூடாது. வாங்கிவிட்டாலும், எல்சி-எம்எஸ்/எம்எஸ் (பொருள்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) கன்ஃபர்மேஷன் வரும் வரை ‘தற்காலிகம்’ என்றுதான் ரிப்போர்ட் போக வேண்டும்.

கன்ஃபர்மேஷனுக்குப் போனால் வேறு பள்ளங்கள். மெஸ்கலின் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உள்ளே போகும். அதில் பாதிக்கு மேல் அப்படியே சிறுநீரில் வரும் என்பதால் அது எளிது. எல்எஸ்டியோ ஒரு வேளைக்கு 50 முதல் 200 மைக்ரோகிராம்தான். அதிலும் ஏறக்குறைய 1 சதவீதம்தான் மாறாமல் சிறுநீருக்கு வருகிறது. ஸ்கிரீனிங் கட்-ஆஃப், அதாவது பாசிட்டிவ் என்று சொல்லக் குறைந்தபட்ச அளவு, மில்லிலிட்டருக்கு 500 பிகோகிராம் (0.0005 மைக்ரோகிராம்) என்று வைப்பது அதனால்தான். தாய்ப்பொருளை, அதாவது மாறாத எல்எஸ்டியை மட்டும் தேடும் ஆய்வகம் மறுநாளே கோட்டைவிடும். கல்லீரல் அதை மாற்றி அனுப்பும் 2-ஆக்ஸோ-3-ஹைட்ராக்ஸி எல்எஸ்டி, சிறுநீரில் தாய்ப்பொருளைவிடப் பல மடங்கு அதிகமாகவும் அதிக நேரமும் இருக்கும். அதையும் சேர்த்தே தேட வேண்டும்.

காளானில் வேறு கதை. சைலோசைபின் உடம்புக்குள் சைலோசினாகிவிடும். அதில் பெரும்பகுதி குளுக்குரோனைடாக, அதாவது உடம்பு சேர்க்கும் ஒரு சர்க்கரை அமிலத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும். பீட்டா குளுக்குரோனிடேஸ் நொதியால் அந்த ஒட்டைப் பிரிக்காமல் ஓட்டினால், இருப்பதில் கொஞ்சம்தான் தெரியும். அவசரத்துக்கு அமிலம் விட்டுக் கொதிக்கவைத்தால் சைலோசினே சிதைந்துவிடும். இன்னொன்று: சைலோசினும் புஃபோட்டெனினும் ஒரே எடை, ஹைட்ராக்ஸில் ஒட்டியிருக்கும் இடம்தான் வேறு. இரண்டுக்கும் கருவியில் நிறை எண் 205 என்றே சிக்னல் வரும். புஃபோட்டெனின் மனித உடம்பிலேயே மிகச் சிறிய அளவில் இருப்பதால், நிறை எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. கருவியில் பொருள்களைப் பிரிக்கும் குழாயில் (column) இரண்டின் பீக்கும் (சிக்னல் முகடும்) வெவ்வேறு நேரத்தில் பிரிந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்து, சாம்பிளை ஜன்னலோரம் வைத்துவிட்டால் என்ன பயன்? எல்எஸ்டி வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தாங்காது. 37 டிகிரியில் நாலு வாரம் இருந்தாலே 30 சதவீதம் வரை குறையும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் மே மாதத்தில் கூரியர்காரரின் பைக் பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒளி புகாத டப்பா, ஐஸ் பேக், உடனே ஃப்ரீசர். சைலோசினும் வெளிச்சத்திலும் காற்றிலும் சீக்கிரம் கெடும். அப்புறம், சாம்பிள் எடுத்த தேதி, நேரத்தோடு பொருளை எப்போது எடுத்தார் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். காளான் தின்று ஒரு நாள் கழிந்த கேஸில் நெகட்டிவ் வந்தால் அதில் ஆச்சரியமில்லை.

கடைசியாக ரிப்போர்ட். ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எந்தெந்தப் பொருள்களைத் தேடினோம், எந்த முறையில், கட்-ஆஃப் எவ்வளவு என்று மூன்று வரி எழுதலாம். பாசிட்டிவ் என்றாலும் ‘சிறுநீரில் காணப்பட்டது’ என்பதோடு சரி. வண்டி ஓட்டிய நேரத்தில் போதையில் இருந்தாரா, எவ்வளவு எடுத்தார் என்பதற்குச் சிறுநீரில் பதில் கிடையாது. போலீஸ் கேட்டாலும் அதையே எழுதிக் கொடுங்கள்.