லேப்டாப் வாங்கும் முன்: ஸ்டிக்கரை விடுங்க, மாடல் எண்ணைப் பாருங்க

கடைக்குப் போனதும் காதில் விழுவது "ஐ5 சார், 16 ஜிபி சார்" என்பதுதான். இந்த இரண்டை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லேப்டாப்பின் மூளையான சிப், அதாவது பிராசஸரின் முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

படி 1: பிராசஸர் எண்

இன்டெல் கம்பெனி பிராசஸர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் இருக்கும் தரவரிசை. தலைமுறை எது என்பது அதற்கு அடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. அந்த எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம், இல்லையென்றால் முதல் இலக்கம் மட்டும்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிற ஐ7-6600யூவை எடுத்துக்கொள்வோம். 6ஆம் தலைமுறை, 2015இல் வந்தது, 2 கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்). ஐ3-1215யூ 12ஆம் தலைமுறை, 2022இல் வந்தது, 6 கோர். பெயரில்தான் ஐ7, வேலையில் ஐ3 அதை முந்திவிடும். அதோடு, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆபீஸ் வேலைக்கும் படிப்புக்கும் போதும். எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம்.

இன்டெலின் போட்டி கம்பெனியான ஏஎம்டி பக்கம் வந்தால், அதன் ரைசன் 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யூவில் இருக்கும் அந்த 2, ஜென் 2 என்ற 2019ஆம் ஆண்டு வடிவமைப்பைக் குறிக்கிறது, 4 கோர். 7530யூ என்றால் ஜென் 3, 6 கோர். ஸ்டிக்கரில் இரண்டுமே "ரைசன் 5" தான்! விலையில் சின்ன வித்தியாசம் என்றால் யோசிக்காமல் 7530யூவை எடுங்கள்.

படி 2: ரேம்

ரேம் என்பது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி நிம்மதி. பின்னால் கூட்ட முடியுமா என்பதுதான் முக்கியமான கேள்வி. ரேம் வகை எல்பிடிடிஆர் (LPDDR) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. டெமோ மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அங்கேயே தெரியும்.

படி 3: ஸ்டோரேஜ்

ஃபைல்களைச் சேமிக்க வேகமான என்விஎம்இ (NVMe) எஸ்எஸ்டி இருக்கட்டும். மெதுவான சேமிப்பு வகையான இஎம்எம்சி (eMMC) என்று பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 512 ஜிபி வாங்கிவிட்டு விண்டோஸில் 476 என்று பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

படி 4: திரை

1920 x 1080 புள்ளிகள், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் (IPS) வகைத் திரை. வெறும் "எச்டி" என்றால் 1366 x 768ஆக இருக்கலாம், விசாரியுங்கள். மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பாருங்கள்; நிறம் வெளிறியோ தலைகீழாகவோ மாறினால் அது ஐபிஎஸ் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றால் திரை வெளிச்சம் 300 நிட்ஸாவது (வெளிச்சத்தின் அளவு) வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டா? கேம், வீடியோ எடிட்டிங் இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

படி 5: பில்

லேப்டாப்பின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.