வாடகை வீட்டில் முதலீடு: புதிதாகக் குடியேறியவர்கள் போட வேண்டிய செலவுக் கணக்கும் வரிக் கணக்கும்

வாடகையே கடன் தவணையைக் கட்டிவிடும் என்று நம்பி, வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே வாடகைக்கு விடுவதற்கென்று வீடு வாங்குவோர் நம்மவரிடையே உண்டு. தவணை வாடகைக்குள் அடங்குவது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் வைத்து அந்த வீடு லாபம் தருகிறது என்று முடிவு செய்ய முடியாது. தவணைக்கு வெளியே பல செலவுகள் இருக்கின்றன. அத்துடன், வரித்துறை லாபம் என்று எதைக் கருதுகிறதோ அதற்கும் நம் கையில் மிஞ்சும் பணத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும்.

செலவுகளில் சொத்து வரி, காப்பீடு, அடுக்குமாடி வீடானால் மாதப் பராமரிப்புக் கட்டணம், முகவர் கட்டணம் ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை. நினைவுக்கு வராதது வீடு காலியாகக் கிடக்கும் காலம். ஒரே ஒரு மாதம் ஆள் இல்லாவிட்டால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும், தவணையோ நிற்காது. ஆகவே, வாங்குவதற்கு முன் போடும் கணக்கில் பதினோரு மாத வாடகையை மட்டுமே வரவாக வைப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. காப்பீட்டிலும் ஒரு கவனம் தேவை. சொந்தக் குடியிருப்புக்கென எடுத்த காப்பீடு, வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் செல்லாமல் போகக்கூடும் என்பதால், ஆள் வைப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள்.

வரியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, தவணையில் வட்டி வேறு, அசல் வேறு என்பதே. ஆண்டு வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கு 60, மற்றச் செலவுகளுக்கு 30, அசலுக்கு 15 போனால், நீங்கள் கையிலிருந்து 5 பங்கு போட வேண்டியிருக்கும். ஆனால் அசலைத் திருப்பிக் கட்டுவது செலவாகாது என்பதால், வரித்துறையின் பார்வையில் உங்களுக்கு 10 பங்கு லாபம் வந்திருக்கிறது. பிரிட்டனில் நிலைமை இன்னும் கடினம். தனிநபராகக் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடுபவர் வட்டியையும் செலவாகக் கழிக்க முடியாது. 2017 முதல் படிப்படியாகக் கொண்டுவரப்பட்ட இந்த மாற்றம் 2020 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அங்கே மேற்சொன்ன கணக்கில் லாபம் 70 ஆகிவிடும். 40 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரி 28. வட்டிக்கு ஈடாகக் கிடைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி 12. கட்ட வேண்டியது 16. உண்மையான லாபமே 10 பங்குதான் எனும்போது, வரி அதையும் மிஞ்சி நிற்கிறது. நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

அடுத்தது, பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு. ஒழுகும் குழாயைச் சரிசெய்வது அந்த ஆண்டின் செலவு. புதிதாக ஓர் அறை கட்டுவது மூலதனச் செலவு, அதை அதே ஆண்டில் முழுமையாகக் கழிக்க முடியாது. பலர் தவறுவது இரண்டுக்கும் நடுவில்தான். வாங்கும்போதே பழுதாக இருந்ததைச் சரிசெய்த செலவை ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பழுதுபார்ப்பாக ஏற்பதில்லை. எனவே பழைய வீட்டை மலிவாக வாங்கிச் செப்பனிட நினைப்பவர்கள், அந்தச் செலவு முதலாண்டு வரியைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டடத்தின் தேய்மானத்தைக் கழிக்கும் வசதி சில நாடுகளில் உண்டு. நிலத்துக்கு அது கிடையாது. அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடத்தின் மதிப்பு 27.5 ஆண்டுகளில் கழிக்கப்படுகிறது. விற்கும்போது அந்தத் தேய்மானம் கணக்குக்குள் திரும்பி வந்து வரிக்கு உள்ளாகும். நீங்கள் அதைக் கோராமல் விட்டிருந்தாலும் கோரியதாகவே கொள்ளப்படும் என்பதால், ஆண்டுதோறும் கோரிவிடுவதே நல்லது. கனடாவில் பெரும்பாலான கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 4 சதவீதம் வரை கழிக்கலாம். ஆனால் அதைக் கொண்டு வாடகைக் கணக்கில் நட்டம் காட்ட முடியாது. அங்கே கோருவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

புதிதாக வந்தவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. முன்பிருந்த நாட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தவர், அந்த வாடகை அங்கேயே வங்கியில் கிடந்தாலும், கனடாவிலும் அமெரிக்காவிலும் வரி நோக்கில் குடியிருப்பவராகிவிட்டால் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்குப் பொதுவாக இங்கே கழிவு கிடைக்கும். கனடாவில் குடியேறிய நாளின் சந்தை விலையே அந்த வீட்டின் வாங்கிய விலையாகக் கொள்ளப்படுவதால், வந்த உடனேயே முறையான மதிப்பீட்டுச் சான்று ஒன்றைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகள் கழித்து விற்கும்போது, வருவதற்கு முன் ஏறிய விலைக்குக் கனடாவில் வரி இல்லை என்று காட்ட அந்த ஒரு தாள் போதும். அமெரிக்காவில் இப்படி ஒரு விதி இல்லை. முதலில் கொடுத்த விலையிலிருந்தே ஆதாயம் கணக்கிடப்படும்.

சம்பளத்தில் வரி பிடித்துக் கொடுப்பதைப் போல வாடகையில் யாரும் பிடித்துக் கொடுப்பதில்லை. வாடகை வந்த அன்றே ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, ரசீதுகளையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். வாங்கியதற்கும் மேம்படுத்தியதற்குமான ஆவணங்களை வீட்டை விற்று அந்த ஆண்டின் வரிக்கணக்கு முடிந்த பிறகும், சட்டம் சொல்லும் காலம் வரை வைத்திருக்க வேண்டும். கனடாவில் அது ஆறு ஆண்டுகள். வேலை மாறி மீண்டும் வேறு நாட்டுக்குப் போக நேர்ந்தால், புறப்படும் முன்பே வரி ஆலோசகரைப் பாருங்கள். கனடாவை விட்டுக் குடிபெயர்ந்தவருக்குக் கனடாவிலுள்ள வீட்டிலிருந்து வரும் வாடகையில், செலவு எதையும் கழிக்காமல், மொத்தத் தொகைக்கே 25 சதவீதம் பிடிக்கப்படும். உரிய படிவத்தைக் காலத்தோடு தாக்கல் செய்தவர்களுக்கே நிகர வருமானத்தின் அடிப்படையில் வரி கணக்கிடப்பட்டு, கூடுதலாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கும்.