பஸ்ஸர் கட்டும்போது செய்யக் கூடாதவை

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிளாக்டன் என்றொரு நீர்த்தேக்கம். 1904 முதல் அங்கே டிரவுட் மீன் பிடிக்கிறார்கள். மே மாத மாலையில் கரையில் நின்றால் கொசுவைப் போன்ற பூச்சிகள் காதருகே ரீங்காரமிடும், கடிக்காது. அந்த ஒலியால்தான் அவற்றுக்கு பஸ்ஸர் என்று பெயர். அடிச்சேற்றில் புழுவாக வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, மெல்ல மெல்ல மேலே ஏறி வரும். அந்த ஏற்றத்தில்தான் டிரவுட் அவற்றை நிதானமாக அள்ளித் தின்னும். அந்தக் கூட்டுப்புழுவைப் போலவே தூண்டில் முள்ளில் நூல் சுற்றிக் கட்டும் ஃப்ளை என்ற போலிப் பூச்சிக்கும் அதே பெயர்தான்.

புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, தடிமன். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஒருநாள் பிடித்த மீனின் வயிற்றிலிருந்து சிறு கரண்டியால் எடுத்ததை, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கலக்கிப் பார்த்தேன். கறுப்பாக, வளைந்த காற்புள்ளி போல மெலிந்த உடல்கள்; தலைப்பக்கம் மட்டும் லேசான புடைப்பு, அதில் ஆரஞ்சுக் கீற்று, நுனியில் வெள்ளை இழைகள். பக்கத்தில் நான் கட்டியதை வைத்தேன். மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது! முதல் உலகப் போருக்குப் பிறகு பிளாக்டனில் வாழ்ந்த டாக்டர் பெல் இப்படித்தான் மீன் வயிற்றைப் பார்த்துப் பார்த்து மெலிந்த ஃப்ளைகளைக் கட்டினார்.

தடிமன் கூடுவதற்குப் பெரும்பாலும் நூல்தான் காரணம். சுற்றச் சுற்ற அது முறுக்கேறிக் கயிறு போல உருண்டுவிடும். வலக்கைக்காரராக இருந்தால், நூல்கட்டையைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழற்றுங்கள். முறுக்கு விட்டு நூல் நாடா போலத் தட்டையாகும். 12-ஆம் எண் முள்ளில் உடலுக்கு ஒரே அடுக்கு போதும், வளைவில் கொஞ்சம் இறங்கி நிறுத்துங்கள். மேலே பூசும் பிசினும் அப்படித்தான், மெல்லிய ஒரு பூச்சு போதும்.

அடுத்தது, தலைப்பக்கத்தில் இடம் விடாமல் நெருக்கிக் கட்டுவது. முள்ளின் காதுக்குப் பின்னால் குறைந்தது அந்தக் காதின் நீளத்துக்கு வெற்றுத்தண்டு இருக்கட்டும்; முடிச்சுப் போட அந்த இடம் வேண்டும். வார்னிஷ் காதை அடைத்துக்கொண்டால் காய்வதற்கு முன்பே ஊசியால் குத்திவிடுங்கள். விறைத்துப்போன விரல்களோடு கரையில் நின்று அடைத்த காதில் தூண்டில் நரம்பைக் கோர்க்க முயன்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

புசுபுசுவென்று ரோமம் சுற்றினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஃப்ளை சீக்கிரம் மூழ்காது. பஸ்ஸரை அசைக்காமல், ஆழத்தில் தொங்கவிட்டுத்தான் மீன் பிடிக்கிறோம். அதனால் வழவழப்பான உடலும் கொஞ்சம் கனமான முள்ளும் வேண்டும். மெல்லிய கம்பி முள் பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்துவிடும்.

தலைப் புடைப்பின் இருபக்கமும் கன்னம் போல வைக்கும் இறகைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பலர் விரும்பி வைப்பது நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடைய கழுத்திறகு. அதன் நுனி மெழுகு பூசியது போல மின்னும். காட்டுப் பறவைக்கு இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. பண்ணையில் வளர்த்த பறவையின் இறகு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். அதையும் பெரிதாக வைக்காதீர்கள். புடைப்பின் அளவைத் தாண்டினால் பூச்சியின் வடிவமே போய்விடும். ஆரஞ்சு நூல் கீற்று ஒன்று வைத்தாலே போதும், எனக்கு அதில்தான் நிறைய மீன் கிடைத்திருக்கிறது.

அப்புறம், ஒவ்வொன்றிலும் ஒன்று என்று பத்து விதம் கட்டாதீர்கள். ஒரே மாதிரியில் ஆறு கட்டுங்கள். ஆறாவதை முதலாவதோடு ஒப்பிட்டால் கை எங்கே தவறுகிறது என்று தெரியும். பிறகு ஒவ்வொன்றையும் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கிறதா? தயங்காமல் பிளேடால் நூலைக் கீறி எடுங்கள், முள் அப்படியே திரும்பக் கிடைக்கும்.