தேடுதலுக்கு வந்தால் மகஜரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

பேரணாம்பட்டில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஜிஎஸ்டி தேடுதல் ஒன்றை முழுசாக, காலை முதல் இரவு வரை கூடவே நின்று பார்த்தேன். அன்று சட்டம் தெரியாமல் வாயடைத்து நின்ற நிலைமை வேறு கணக்கருக்கு வரக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வந்தவர்களிடம் முதலில் அடையாள அட்டையும் உத்தரவும் கேளுங்கள். உத்தரவு ஐஎன்எஸ்-01 படிவத்தில் இருக்கும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 67-வது பிரிவின்படி இணை ஆணையருக்குக் குறையாத அதிகாரி கொடுத்ததாக இருக்க வேண்டும். மாநில அதிகாரிகள் வந்தாலும் தமிழ்நாடு ஜிஎஸ்டி சட்டத்தில் அதே 67-தான். முகவரியை நிதானமாகப் படியுங்கள். பின்தெரு குடோன் அதில் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். மத்திய அதிகாரிகளின் உத்தரவில் டின் (DIN) என்ற ஆவண அடையாள எண் இருக்கும். 2019 நவம்பர் 8 முதல் அது கட்டாயம். மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எல்லாம் சரியாக இருந்தால் கதவை மறிக்காதீர்கள். மறித்தால் பூட்டை உடைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

தேடுதலில் நடந்ததை எழுதிவைக்கும் பதிவுதான் மகஜர்; அதற்குச் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகளாவது இருக்க வேண்டும். நம் ஆளும் கூடாது, அவர்கள் வண்டி டிரைவரும் கூடாது.

அப்புறம் சரக்கு. இங்கேதான் டேனரிக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். அன்று தோல் பதனிடும் டிரம்முக்குப் பக்கத்தில் ஐந்து அடுக்கு வெட் புளூ, அதாவது குரோமில் பதனிட்ட ஈரத் தோல், இருந்தது. அதில் மூன்று அடுக்கு எங்களுடையதே இல்லை. ஆம்பூரிலிருந்து ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து கொடுக்க, வந்தது. ஓர் அதிகாரி தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "சுமார் 4,000 தோல்" என்று எழுதச் சொன்னார். அந்தச் சரக்கோடு வந்த டெலிவரி சலான் ஃபைல் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. எங்கள் சூப்பர்வைசர் பாய்தான், "சார், ஒண்ணொண்ணா எண்ணிடலாம்" என்றார். ஈரத் தோல், கனம். இரண்டு பேர் புரட்டிப் போட, சாட்சிகள் பார்க்க, நான் ஐம்பது ஐம்பதாகக் கோடு போட்டேன். மொத்தம் 3,180. அதில் 1,940 ஆம்பூர் சரக்கு, சலானோடு ஒத்துப்போனது. எண்ணி முடிக்க இரவு பத்து மணி ஆனது. மகஜரில் ஏறியது அந்த எண்ணிக்கைதான். "சுமார்" என்று ஒரு முறை ஏறிவிட்டால் பிறகு எத்தனை வருடம் அலைந்தாலும் அதைத் துடைப்பது கஷ்டம்.

அதனால் மகஜரை வரி வரியாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஆட்சேபம் இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். பிரதி வாங்காமல் அவர்களை அனுப்பாதீர்கள். எடுத்துப்போகும் கணக்குப் புத்தகங்கள் ஐஎன்எஸ்-02 உத்தரவில் இருக்கின்றனவா, பக்க எண்ணிக்கையோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றுக்கு நகல் எடுக்க நமக்கு உரிமை உண்டு. விசாரணைக்குப் பாதகம் என்று அதிகாரி கருதினால் மட்டும் மறுக்கலாம். நோட்டீஸில் பயன்படுத்தாத ஆவணங்களை நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கைப்பற்றிய சரக்குக்கு ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வராவிட்டால் சரக்கைத் திருப்ப வேண்டும். காரணம் காட்டி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம்.

"இப்பவே கட்டிடுங்க, முடிஞ்சுடும்" என்ற பேச்சு வந்தால் பயப்படாதீர்கள். டிஆர்சி-03 என்ற படிவத்தில் தானாக முன்வந்து பணம் கட்டுவது நம் விருப்பம். தேடுதலின்போது வற்புறுத்தி வசூலிக்கக் கூடாது என்று 2022 மே 25-ஆம் தேதி வாரியமே தன் அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. புகார் வந்தால் சீக்கிரம் விசாரிக்க வேண்டும், தவறு இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எனவே மிரட்டல் நடந்திருந்தால் யார், எத்தனை மணிக்கு, யார் முன்னால் என்ன சொன்னார் என்பதை அன்று இரவே எழுதி வையுங்கள். மறுநாள் காலை மத்திய ஜிஎஸ்டி முதன்மைத் தலைமை ஆணையருக்கு பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.