மீட்டிங் நடத்துவது எப்படி? அழைப்பு முதல் மினிட்ஸ் வரை

1. முதலில் ஒரு வரி

காலண்டரைத் திறக்கும் முன் இதை எழுதி நிரப்புங்கள்: "மீட்டிங் முடியும்போது ______ முடிவாகியிருக்க வேண்டும்." கோடிட்ட இடத்தில் எழுத எதுவும் தோன்றாவிட்டால் மீட்டிங் வேண்டாம், ஒரு மெயில் போதும். அவரவர் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்க மட்டும் எல்லோரையும் உட்காரவைப்பது வீண்.

2. யார் வர வேண்டும்

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், வேலையைச் செய்யப்போகிறவர், விவரம் தெரிந்தவர். ஏழெட்டுப் பேரைத் தாண்டினால் பலர் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவெடுப்பவர் வர முடியாதென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். இல்லாவிட்டால் பேசியதையே அவருக்காக இன்னொரு முறை பேச வேண்டிவரும்.

3. அஜெண்டாவைக் கேள்வியாக எழுதுங்கள்

பெரும்பாலான மீட்டிங்குகள் கெடுவது இங்கேதான். "வெப்சைட்" என்று மட்டும் போட்டால் ஒருவர் நிறத்தைப் பேசுவார், இன்னொருவர் செலவைப் பேசுவார். "15-ம் தேதி வெளியிடலாமா, சோதனை முடியட்டுமா?" என்று கேட்டால் பேச்சு அந்தக் கேள்வியை விட்டு விலகாது. 50 நிமிடத்துக்கு ஒரு மாதிரி:

- 10 நிமிடம்: சோதனை அறிக்கையைப் படித்தல்
- 20 நிமிடம்: எந்தத் தேதியில் வெளியிடுவது?
- 10 நிமிடம்: வெளியான பின் வரும் புகார்களை யார் கவனிப்பது?
- 10 நிமிடம்: முடிவுகளைப் படித்து உறுதிசெய்தல்

சிக்கலான கேள்வி முதலில் வரட்டும். கடைசியில் வைத்தால் நேரமில்லாமல் அவசர முடிவாகிவிடும். அஜெண்டாவை, படிக்க வேண்டிய அறிக்கையையும் இணைத்து, முந்தைய நாளே அனுப்புங்கள். இணைப்பைப் பலர் திறந்தே பார்க்க மாட்டார்கள், அதற்காகத்தான் அந்த முதல் 10 நிமிடம். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-ல் உயர்நிலை மீட்டிங்குகளில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை எல்லோரும் அங்கேயே மௌனமாகப் படிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

4. நடத்தும்போது

சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். தாமதமாக வந்தவருக்காக முதலிலிருந்து சொன்னால், நேரத்துக்கு வந்தவர்களும் அடுத்த முறை தாமதமாகத்தான் வருவார்கள்.

மேலாளர் முதலில் கருத்துச் சொன்னால் மற்றவர்கள் அதற்கே தலையாட்டுவார்கள். ஆகவே 2 நிமிடம் கொடுத்து எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆன்லைனில் இருப்பவர்கள், புதியவர்கள், கடைசியில் மேலாளர் என்ற வரிசையில் கேளுங்கள். பேச்சு வேறு பக்கம் போனால் அந்த விஷயத்தைப் போர்டில் "பிறகு பேச" என்று குறித்துவிட்டுத் திரும்புங்கள். குறிக்காமல் தடுத்தால், சொன்னவர் அதையே மறுபடி எழுப்புவார்.

5. மினிட்ஸ்

மினிட்ஸ் என்பது மீட்டிங்கில் எடுத்த முடிவுகளின் குறிப்பு. எல்லோரும் பார்க்க, திரையிலேயே எழுதுங்கள்.

தவறு: "பேமெண்ட் சோதனையை டீம் பார்த்துக்கொள்ளும்."
சரி: "பேமெண்ட் பக்கச் சோதனை, மாலதி, புதன் மாலை 4 மணி."

ஒரு வேலைக்கு ஒரே பெயர். இரண்டு பெயர் போட்டால் ஒருவர் செய்வார் என்று மற்றவர் இருந்துவிடுவார். அன்றே அனுப்பிவிடுங்கள்.

வாராவாரம் நடக்கும் மீட்டிங் என்றால், காலண்டரில் போடும்போதே மூன்று மாதத்தில் முடியும்படி வையுங்கள். அந்தத் தேதி வந்ததும் முதல் படியின் வரியை மறுபடி எழுதிப் பார்த்துவிட்டு நீட்டிக்கலாம்.