மட்டக்களப்பில் சிறு விமானம் கட்ட இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றை வீட்டிலேயே கட்ட ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சதுர அடி வேண்டும்?" என்றுதான். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சதுர அடியை நம் ஊரில் எப்படியும் பிடித்துவிடலாம். வளவு இருக்கிறது, மூடிக் கிடக்கும் ரைஸ் மில் இருக்கிறது, பாதியில் நின்றுபோன கடைக் கட்டடம் இருக்கிறது. கிடைப்பதற்கு அரியது உப்புக் குறைந்த காற்றும் மாரியிலும் காய்ந்திருக்கும் தரையும்தான். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலரும் வீட்டில் கட்டும், அலுமினியத் தகட்டாலான செனித் சி.எச். 701 விமானத்தின் சிறகு நுனிக்கு நுனி 27 அடி. உடல் ஏறக்குறைய 21 அடி. ஆனால் இடது சிறகும் வலது சிறகும் தனித்தனியாகக் கட்டப்படுபவை. ஒன்று முடிந்ததும் சுவரோரமாக மாட்டிவிட்டு மற்றதைத் தொடங்கலாம். 24 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள ஓர் அறை போதும் என்பது என் கணிப்பு. இரண்டு சிறகையும் உடலில் பூட்டி நிமிர்த்திப் பார்ப்பது கடைசிக் கட்டம். அதற்கு வேறொரு பெரிய இடத்தைச் சில வாரங்களுக்கு மட்டும் கேட்டு வாங்கினால் சரி.

இப்போது காற்றுக்கு வருவோம். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரத்தில் எங்கே இருந்தாலும் கேற்றின் பிணைச்சலும் சைக்கிள் செயினும் எவ்வளவு சீக்கிரம் கறள் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். "அலுமினியம் கறள் பிடிக்காதுதானே" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். இரும்பைப் போல அது சிவக்காது, அவ்வளவுதான். உப்பு ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூத்து, அதன் கீழே ஊசிமுனைக் குழிகள் விழும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரத்திலும் இரும்பு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் இது இன்னும் மோசம். இரண்டு உலோகமும் நடுவே உப்பு நீரும் சேர்ந்தால் அது ஒரு சிறிய பற்றரியாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். விமானத்தில் அந்த ஓரங்களெல்லாம் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடித்து மூடப்பட்டவை. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. பூச்சு வேலையைக் கடைசியில் ஒரேயடியாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், ஒவ்வொரு துண்டையும் பொருத்துவதற்கு முன்பே எபொக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி வைக்கச் சொல்வது இதனால்தான். இன்னொன்று: தகட்டைக் கழுவும் தண்ணீரையும் பாருங்கள். கடலோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரால் துடைத்தால் உப்பை நாமே பூசிவிடுகிறோம்.

இடத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. நன்றாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்த இரும்புத் தகட்டுத் துண்டுகள் சிலவற்றை, நீங்கள் யோசிக்கும் இடங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். பிறகு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தின் காற்று எப்படி என்று அந்தக் கறளே காட்டிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது, நம் பகுதிக்கே உரிய தவறு: கச்சான் காற்றுக் காலத்தில் இடத்தைப் பார்த்து முடிவு செய்வது. ஆடி மாதத்தில் எந்தக் கொட்டிலும் காய்ந்துதான் இருக்கும். அதே இடத்தைக் கார்த்திகையில் பார்க்க வேண்டும். தரை வியர்க்கிறதா, கூரைத் தகரத்தின் உட்புறத்தில் விடிகாலையில் நீர் முத்து முத்தாக நிற்கிறதா, சுவரின் அடி நனைந்திருக்கிறதா? 2011 தை மாத வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு வயதானவர்களிடம் கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். 1978 நவம்பர் சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள் கூரையைப் பற்றியும் சொல்வார்கள். தகரம் வெறும் ஆணியில் நிற்கிறதா, மரத்தோடு இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள்.

என் சொந்த இழப்பையும் சொல்கிறேன். ஒரு மாரியில் அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சீமெந்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். இடையில் இருந்த கடதாசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டது. தையில் பிரித்தபோது நடுவில் இருந்த இரண்டு தகடுகளிலும் வெள்ளைத் திட்டுகள். அவற்றைச் சிறகுக்குப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை, ஒதுக்கிவிட்டேன். இப்போது தகடுகளைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், காற்றுப் போய்வர இடைவெளி விட்டு நிறுத்துகிறேன்.

விமானத்தை மரத்தால் கட்டுபவர்களுக்கு ஈரம் இன்னும் பெரிய விஷயம். ஒட்டும்போது மரத்தின் ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஒட்டவும் பூசவும் பயன்படும் சில எபொக்சிகள் ஈரக்காற்றில் உலர்ந்தால் மேலே மெழுகு போல ஒரு படலம் படியும்; அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் பிடிக்காது. ஈரமானி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, ஒட்டும் வேலையைக் கோடைக்கு ஒதுக்குங்கள்.

கோடைக்கும் ஒரு தொல்லை உண்டு. 4 மீற்றர் நீள அலுமினியத் தகடு 15 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 1.4 மில்லிமீற்றர் நீளும். வெயிலில் கிடந்த தகட்டை நிழலில் இருந்த சட்டத்தின்மேல் வைத்து நண்பகலில் துளைத்தால், இரவில் துளைகள் நேருக்கு நேர் நிற்காது. கூரைக்குக் கீழே ஒரு தட்டு, ஓலைத் தட்டியானாலும் போட்டுவிட்டு, துளைக்கும் வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

உப்புக்குப் பயந்து வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். போகலாம், காற்று நல்லது. ஆனால் நெல் அடுக்கிய களஞ்சியத்தின் மிச்ச இடத்தைப் பங்கு போடாதீர்கள். நெல்லைத் தேடி யானை வந்து சுவரை இடிப்பது அங்கே புதிதல்ல. நெல் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். எலி மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும். அப்புறம் தூரம். இந்த வேலைக்குப் பல நூறு மணி நேரம் ஆகும். பலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். அதில் பெரும்பகுதி வேலை விட்டு வந்த பிறகு, இரவில் கிடைக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டிப் போக வேண்டும் என்றால் கிழமைக்கு ஒரு நாள்கூடப் போகமாட்டீர்கள். வீட்டுப் பின்வளவில் நன்றாக மூடிய ஒரு சிறு கொட்டில், தூரத்தில் இருக்கும் பெரிய மில்லை விட மேல் என்பேன்.

வாகன கராஜில் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பதையும் நான் ஆதரிக்கமாட்டேன். கிரைண்டரில் பறக்கும் இரும்புத் தூள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அரிப்பைத் தொடங்கும். பைபர் போட் செய்யும் இடமும் அப்படித்தான்: தூசி ஒரு பக்கம், போட்டுக்குப் பயன்படும் பொலியெஸ்டர் ரெசின், சில விமானங்களின் சிறகுக்குள் வைக்கும் பொலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும்.

வெளியே எடுக்கும் வழியை மறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கதவை மட்டும் அளந்தால் போதாது. படலை, ஒழுங்கையின் வளைவு, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி எல்லாவற்றையும் அளக்க வேண்டும். விமான உடலின் அளவில் கம்புகளால் ஒரு சட்டம் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு றோட்டு வரை நடந்து பாருங்கள்.

இனி, ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒன்று. போர்க்காலத்தில் சிறு விமானம் என்ற சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் இருந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. மூடிய கொட்டிலுக்குள் இரவில் சத்தம் கேட்டால் ஊர் பேசும். ஒளித்துச் செய்யாதீர்கள். பொருட்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதி என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். அயலவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சிறகை மூடுமுன் உள்ளே பார்க்கப் பரிசோதகர் வருவதும் இந்த வேலையில் வழக்கம். ஆகவே வாகனம் வந்து நிற்கக்கூடிய, வெளிச்சமான இடமாக இருக்கட்டும்.

சரியான இடம் அமையும்வரை எதையும் தொடாமல் வருடக்கணக்கில் காத்திருப்பதும் ஒரு தவறுதான். விமானத்தின் வாலில் வரும் சுக்கானை ஓர் அறையிலேயே கட்டலாம். அதை மட்டும் தனியாக விற்கும் நிறுவனங்களும் உண்டு. தேவைப்படுவது ஒரு நல்ல மேசை. பின்னால் சிறகுக்கும் உதவும்படி 12 அடிக்கு 4 அடியாகச் செய்துகொள்ளுங்கள். எட்டடி பிளைவூட் ஒன்றரைத் துண்டு போதும். மேசை முறுக்கியிருந்தால் அதன்மேல் கட்டும் சிறகும் முறுக்கியிருக்கும். மேசன்மார் மட்டம் பிடிக்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, நான்கு மூலைகளிலும் நடுவிலும் மட்டம் பாருங்கள். மாரி வந்து போனதும் இன்னொரு முறை பாருங்கள்.